பச்சை உடம்புக்காரி கையில துடைப்பம் எதுக்கு?

1/
மஞ்சள் வேகவைக்கிற பருவம். நாமகிரிப்பேட்டை பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு வந்தாங்க. சுகப்பிரசவம் ஆகி 12 நாள். குறைஞ்சுக்கிட்டே வந்த உதிரப்போக்கு மறுபடி அதிகமாயிடுச்சு.

"என்னம்மா வேலை செஞ்சீங்க?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க டாக்டர். வீட்டு வேலைதானுங்க."

2/
அந்த "ஒண்ணுமில்லாத" வேலையைக் கேட்டேன். ரெண்டு குடம் தண்ணி, கல்லுல போர்வை துவைச்சது, காட்டுல வேலை செய்யற நாலு பேருக்குச் சோறு. கூட வந்த கணவருக்கே அந்தப் பட்டியல் புதுசு. நல்ல மனுஷன்தான், யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கல.

பரிசோதிச்சதுல நச்சுக்கொடித் துண்டு எதுவும் தங்கலை, காய்ச்சலும் இல்லை. ஓய்வு எடுத்தாங்க, ரெண்டு நாள்ல குறைஞ்சுது. எல்லாருக்கும் இப்படி லேசா முடியாதுங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

3/
பிரசவம் முடிஞ்சதும் கருப்பைக்குள்ள நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் ஒரு பெரிய புண். அது ஆற சுமார் 6 வாரம் ஆகும். வெளியே தெரியாததால அந்தப் புண்ணை நாம மறந்துடறோம். சிசேரியன்னா வயித்துத் தையலும் சேர்ந்துக்கும்.

நம்ம பெரியவங்க இதுக்கு வெச்ச பேருதான் "பச்சை உடம்பு".

4/
ஆனா அதுல நாம எதைப் பிடிச்சுக்கிட்டோம்? பத்தியத்தை. "தண்ணி அதிகம் குடிக்காத, காய் சாப்பிடாத, பழம் குளிர்ச்சி" எல்லாம் அப்படியே இருக்கு. பால் கொடுக்கிற தாய்க்குத் தண்ணியும் காயும் பழமும் கட்டாயம் வேணும்.

உண்மையிலேயே காப்பாத்த வேண்டிய ஓய்வைத்தான் கைவிட்டுட்டோம். கூட்டுக்குடும்பம் போச்சு. அம்மாயி வீட்டுக்குப் போனாலும் அங்க ஒத்தை ஆளா அல்லாடறது அம்மாயிதான்.

5/
ஒரு கணக்கு போடுவோம்.

பச்சக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கணும். 10 தடவை, தடவைக்கு அரை மணி நேரம்னு வைங்க. 5 மணி நேரம். ராத்திரியும் இதுல அடக்கம்.

மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பெண்கள் அதுக்கு ஒரு நாளைக்குச் செலவிடறது 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம்.

289 நிமிஷம்னா கிட்டத்தட்ட இன்னொரு 5 மணி நேரம். ரெண்டையும் ஒரே உடம்பு தாங்கணுமா?

6/
டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கே, அதோட ஒரு நோக்கம் கர்ப்பிணியோட கூலி இழப்பை ஈடுகட்டறது. அதாவது, இந்தக் காலத்துல அவங்க வேலைக்குப் போகக்கூடாதுன்னு அரசாங்கமே ஒத்துக்குது. காட்டு வேலைக்கு விடுப்பு உண்டு. அடுப்படிக்கு மட்டும் ஏன் இல்லை?

7/
தம்பிகளா, முதல் 42 நாள் இதெல்லாம் உங்க வேலை:

• தண்ணி தூக்கறது, துணி துவைக்கறது, குழந்தைத் துணியை வெயில்ல காயப்போடறது
• ஒரு வேளைச் சமையல். ரசமும் சோறும் முட்டையும் போதும்
• ராத்திரி குழந்தையைத் தூக்கிக் கொடுக்கறது, பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டறது, துணி மாத்தறது (முன்னாடியும் பின்னாடியும் கையை சோப்பு போட்டுக் கழுவணும்)

பால் கொடுக்கறதைத் தவிர மத்ததெல்லாம் ஆம்பளையால முடியும். இதை "உதவி"ன்னு சொல்லாதீங்க. உங்க குழந்தை, உங்க வீடு.

8/
அத்தைமார்களுக்கு: மகன் துணி துவைச்சா "பொண்டாட்டி தாசன்"னு சொல்லாதீங்க. அந்த ஒரு வார்த்தையிலயே பல பேர் பின்வாங்கிடறாங்க.

குழந்தை பார்க்கப் போறவங்களுக்கு: டீ எதிர்பார்க்காதீங்க. முடிஞ்சா ஒரு தூக்குப்போசியில குழம்பு கொண்டு போங்க. சளி, காய்ச்சல் இருந்தா போகவே போகாதீங்க.

9/
தாய்மார்களே, ஓய்வுன்னா படுத்தே கிடக்கறது கிடையாது. வீட்டுக்குள்ள நடங்க, கால்ல ரத்தம் கட்டாம இருக்க அது அவசியம். குழந்தையோட எடைக்கு மேல எதையும் தூக்காதீங்க. பகல்ல குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்க. கூட்டாத வாசல் அப்படியே கிடக்கட்டும்.

10/
இது இருந்தா காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரி, இல்லன்னா 108:

• ஒரு மணி நேரத்துல ஒரு நாப்கின் முழுசா நனையறது, பெரிய ரத்தக் கட்டி
• காய்ச்சல், துர்நாற்றம், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கறது
• ஒரு கால் மட்டும் வீங்கி வலி, மூச்சுத் திணறல்
• தன்னையோ குழந்தையையோ ஏதாவது செஞ்சுடலாம்னு எண்ணம்

அழுகையும் வெறுமையும் ரெண்டு வாரம் தாண்டியும் போகலைன்னா டாக்டரைப் பாருங்க. 14416ல கட்டணமில்லாம மனநல ஆலோசனை கிடைக்கும். அது திமிரோ சோம்பேறித்தனமோ கிடையாது. சிகிச்சை உள்ள நோய்.

11/
அந்தப் பொண்ணு ஆறாவது வாரம் பரிசோதனைக்கு வந்தாங்க. குழந்தை அப்பா தோள்ல. "இப்ப என்னம்மா வேலை?"ன்னு கேட்டேன். அவங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அவரு சொன்னாரு: "துணி நானுங்க. சோறு எங்க ஆத்தா. இவளுக்குப் பால் கொடுக்கறதே சரியா இருக்குதுங்க."

உங்க வீட்டுல பச்சை உடம்புக்காரி இருந்தா, அவங்க கணவருக்கு இதை அனுப்புங்க.