தரவு இல்லை என்னும் சாக்கு

ஆறு மாதம் நிரம்பாத குழந்தையொன்று இந்தியாவில் மூச்சுத்திணறி இறந்தால், பெரும்பாலும் 'நிமோனியா' என்று எழுதிப் பதிவேட்டை மூடிவிடுகிறார்கள். எந்தக் கிருமி என்று தேடுவோர் அரிது. வீட்டிலேயே இறந்த குழந்தைக்கு அந்த ஒற்றைச் சொல்லும் வாய்ப்பதில்லை. பின்னர் கருத்தரங்க மேடையேறும் வல்லுநர்கள், ஆர்.எஸ்.வி. என்னும் சுவாசத் தீநுண்மியால் நேரும் இறப்புகளுக்குப் போதிய தரவு இல்லை, ஆகவே தடுப்பு பற்றி இப்போது முடிவெடுக்க இயலாது என்கின்றனர். சோதிப்பதில்லை; சோதிக்காததால் எண்ணிக்கை இல்லை; எண்ணிக்கை இல்லாததால் செயலும் இல்லை. இந்தச் சுழல்வாதத்திற்கு அறிவியல் நிதானம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

தரவு உண்மையிலேயே இல்லையா? 2022இல் 'லான்செட்' இதழில் வெளியான மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 1,01,400 குழந்தைகளின் இறப்புக்கு ஆர்.எஸ்.வி. காரணம். அவர்களில் ஏறத்தாழ 45,700 பேர் ஆறு மாதம்கூட நிரம்பாதவர்கள். 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட இறப்புகள் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்ந்தவை. மருத்துவமனைக்குள் நிகழ்ந்தவையோ ஏறத்தாழ 26,300 மட்டுமே. அதாவது, நான்கில் மூன்று குழந்தைகள் மருத்துவமனைக் கணக்கிலேயே வரவில்லை. மகாராஷ்டிரத்தின் மேல்காட் பழங்குடிப் பகுதியில் ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்று இந்த நோயின் சுமையை அளந்திருக்கிறார்கள். மனம் வைத்தால் எண்ணலாம். கோவிட் காலத்தில் நாடெங்கும் நிறுவப்பட்ட ஆர்டி-பிசிஆர் கூடங்கள் இருக்கையில், சோதிக்க வசதியில்லை என்பதும் எடுபடாது.

இந்நோயில் உடற்கூறு குழந்தைக்கு எதிராக நிற்கிறது. குழாயின் ஆரம் பாதியானால் சீரான காற்றோட்டத்திற்கான தடை பதினாறு மடங்காகும் என்பது இளநிலை இயற்பியல் பாடம். பெரியவருக்கு வெறும் சளியாக முடியும் வீக்கம், கைக்குழந்தையின் மெல்லிய மூச்சுநுண்குழாயை அடைத்துவிடுகிறது. பால் உறிஞ்சவும் இயலாமல் அது சோர்கிறது. அதற்குத் தேவை ஆக்சிஜனும் நீர்ச்சத்தும் ஓயாத கண்காணிப்பும். கிடைப்பதோ தீநுண்மியைத் தொடாத ஆன்டிபயாட்டிக்கும், அந்த வயதில் தரவே கூடாத இருமல் மருந்தும்.

ஒரு காலத்தில் தயக்கத்திற்குத் தக்க காரணம் இருந்தது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட ஃபார்மலின் தடுப்பூசி நோயைக் கடுமையாக்கியது. இரு குழந்தைகள் இறந்தன. அந்த அதிர்ச்சி இத்துறையைப் பல பத்தாண்டுகள் முடக்கியது, நியாயமாகவே. ஆனால் 2013இல் தீநுண்மியின் எஃப் புரதம், செல்லுடன் இணைவதற்கு முந்தைய வடிவில் படம்பிடிக்கப்பட்டதோடு நிலைமை மாறியது. கருவுற்ற தாய்க்கு இடும் தடுப்பூசியும், குழந்தைக்கே செலுத்தும் நிர்செவிமாப் என்னும் ஆன்டிபாடியும் இன்று கைவசம் உள்ளன. முந்தையது பிறந்த முதல் 90 நாள்களில் கடும் நோயை ஏறத்தாழ 82 விழுக்காடு தடுத்ததாகப் பன்னாட்டுச் சோதனை காட்டியது. இவற்றில் ஒன்றையேனும் எல்லா நாடுகளும் ஏற்குமாறு 2025இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

விலை அதிகம் என்பது மெய்தான். ஆனால் விலை வானிலிருந்து இறங்குவதில்லை. தில்லியில் பச்சிளங்குழந்தைகளிடம் கண்டெடுத்த 116இ திரிபிலிருந்து உருவான ரோட்டாவைரஸ் தடுப்பூசி, 2016இல் அரசுத் திட்டத்திற்குள் வந்தது. மலிவாக அதை ஆக்கியவர்கள் இந்நாட்டு ஆய்வாளர்களும் உற்பத்தியாளர்களும்தாம். கொண்டுசேர்க்கும் வழியும் புதிதாக வேண்டாம்: கருவுற்ற பெண்ணுக்கு டிடி ஊசி இடும் அதே நாற்காலி, பிறந்த குழந்தைக்கு பிசிஜி போடும் அதே அறை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஏறத்தாழ 89 விழுக்காடு பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன.

விடை தேட வேண்டிய கேள்விகள் உண்டு. தாய்க்கான தடுப்பூசியால் குறைப்பேறு கூடுமா என்ற ஐயம் இன்னும் முற்றாகத் தீரவில்லை. வடக்கே குளிர்காலத்திலும் தெற்கே மழைக்காலத்தையொட்டியும் பரவும் நோய்க்கு எந்த மாதத்தில் ஊசி இடுவது? இவை நல்ல முனைவர் பட்டத் தலைப்புகள். தடுப்பைத் தள்ளிப்போட இவற்றைக் காட்டுவோர், இவற்றுக்காக எத்தனை ஆய்வு முன்மொழிவுகளை எழுதினார்கள் என்பதையும் அதே மேடையில் சொல்லட்டும்.