1209 எந்த ஆண்டு?

பழைய ஆவணத்தைப் படமெடுக்க இயந்திரம் போதும். அது எந்த ஆண்டுத் தாள், யார் யாருக்கு எழுதியது என்று சொல்ல வரலாறு படித்தவர் வேண்டும். மத்திய அரசின் ஆவண மின்னாக்கத்தைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் விட்டவர்கள், விவரக் குறிப்பு எழுதும் வேலையையும் அதே ஒப்பந்தத்தில் தள்ளிவிட்டார்கள். அதைச் செய்பவர் வரலாற்றுப் பட்டதாரியாக இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

இதன் கேட்டை அறிய ஒரே ஒரு தாள் போதும். திருநெல்வேலிச் சீமையின் வரிக் கணக்கு ஒன்றில், வரிக் கணக்குக்கான ஆண்டு முறையைக் குறிக்கும் பசலி என்ற சொல் செல்லரித்துப்போய் 1209 என்ற எண் மட்டும் மிஞ்சியிருப்பதாகக் கொள்ளலாம். பழகிய கண்ணுக்கு அது பசலி என்று உடனே தெரியும். 590 கூட்டினால் 1799 ஜூலையில் தொடங்கும் ஆண்டு. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு. பசலி தெரியாதவர் 1209 என்றே தட்டச்சு செய்வார். கும்பினிக் காலத்துக் கணக்கு மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக்குப் போய்விடும். பிறகு யார் தேடினாலும் அது கிடைக்காது. அதே சீமையில் கொல்லம் ஆண்டும் வழங்கியது. அதற்கு மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். சித்தார்த்தி வருடம் என்று மட்டும் இருந்தால் 1739, 1799, 1859 எதுவாகவும் இருக்கலாம். கையெழுத்து, காகிதம், கணக்கில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். மாவும் காணியும் முந்திரியுமாக எழுதிய பின்னங்களும், புள்ளியிடாத ஓலை எழுத்தும் தனி. நாளைக்கு இத்தனை பக்கம் என்று விரட்டப்படும் ஊழியருக்கு இதற்கெல்லாம் ஏது நேரம்? குற்றம் அவருடையது அல்ல.

அரிய நூல்களின் நிலையும் இதுதான். வேகத்துக்காக முதுகுத் தையலை அறுத்துவிட்டால் பக்கங்கள் பழைய வரிசையில் சேராமலே போகலாம். முன்தாளில் உள்ள கையொப்பம், ஓரக் குறிப்பு ஆகியவற்றின் மதிப்பு அறியாதவர் கண்ணுக்கு அவை வெறும் கறை.

பழம்பொருளும் பழஞ்சுவடியும் மத்திய அரசின் பொறுப்பில் பட்ட பாடு புதிதல்ல. 2020 அக்டோபரில் இந்தியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வந்தது. தகுதிப் பட்டியலில் சமஸ்கிருதம், பாலி, பிராகிருதம், அரபி, பாரசீகம் எல்லாம் இருந்தன, தமிழ் இல்லை. கண்டனம் எழுந்த பிறகே சேர்த்தார்கள். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் 1966 முதல் மைசூரில் கிடந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்ல 2021-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தேவைப்பட்டது. 25 ஆண்டு கடந்த நிரந்தர ஆவணங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க விதி இருக்கிறது. இருந்தும் 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்கள் வந்து சேரவில்லை என்று காப்பகத்தின் தலைமை இயக்குநரே 2022 டிசம்பரில் பொது மேடையில் சொன்னார். ஒவ்வொரு முறையும் யாராவது கத்த வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் வட்டெழுத்தும் மோடி எழுத்தும் கற்ற வரலாற்றுப் பட்டதாரிகள் வேறு வேலை தேடி அலைகிறார்கள். அவர்களை இந்தப் பணிக்குள் கொண்டுவர வழி காண வேண்டும். ஒப்பந்தம் திருத்தப்பட வேண்டும். படமெடுத்த கட்டுகள் மீண்டும் கட்டப்பட்டு அலமாரிக்குத் திரும்புகின்றன. அவற்றை இன்னொரு முறை அவிழ்த்துச் சரிபார்க்க ஒப்பந்தத்தில் இடமில்லை.