பசி வேளையும் சங்க வேளையும்

உணவின் ஒழுங்கைப் பற்றி நம் நாட்டு வைத்திய நூல்கள் கூறுவன இந்நாளில் மீண்டும் பெரிதாகப் பேசப்படுகின்றன. அதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் அவ்வறிவுரைகள் எல்லாம் தனி மனிதனை நோக்கியே சொல்லப்படுகின்றன. தறிக்குழியில் அமர்ந்திருப்பவரும் கழனியில் நிற்பவரும் உண்ணும் வேளையைத் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ள இயலுவதில்லை. பாவு கொடுக்கும் நேரம், புடவை ஒப்படைக்கும் நேரம், நெல் எடைபோடும் நேரம் ஆகியவையே அதனை நிர்ணயிக்கின்றன. ஆதலால் அங்கத்தினரின் ஜீரணம் ஓரளவு சங்கத்தின் காரியமும் ஆகும் என்பது நமது அபிப்பிராயம்.

வயிற்றில் உள்ள தீயை, அதாவது அக்கினியை, காப்பதே உடல்நலத்தின் அடிப்படை என்று ஆயுர்வேதம் கொள்கிறது. வயிற்றை நான்கு பங்காகக் கருதி, இரண்டைத் திட உணவுக்கும் ஒன்றை நீருக்கும் ஒதுக்கி, எஞ்சிய ஒன்றைக் காற்றுக்கு வெறுமையாக விடவேண்டும் என்பது வாக்படர் வகுத்த அளவு. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரமும், முன் உண்டது செரித்ததை அறிந்து அதன்பின் உண்பதையே வற்புறுத்துகிறது. இவ்விதிகளை நெசவாளர்க்குப் பொருத்திப் பார்த்தால் காரணம் எளிதில் விளங்கும். வயிறு நிரம்ப உண்டவுடன் குழித்தறியில் முன்புறம் குனிந்து அமர்ந்தால், வயிறு அழுந்திப் புளிப்பு நீர் மேலெழும். நெஞ்செரிச்சல் என்று மாத்திரை வாங்கும் பலருக்கு, முதலில் வேண்டியது கால் நாழிகை நடையும் அளவில் சிறிது குறைத்தலுமே.

ஆனால் அளவாக உண்பதற்கும் வேளை வாய்க்க வேண்டுமல்லவா? நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில், புடவையுடன் வந்த அங்கத்தினர்கள் பகல் இரண்டு மணி கடந்தும் காத்திருந்ததைக் கண்டோம். இடையில் மூன்று முறை தேநீர் வந்தது, சோறு வரவில்லை. பசித்தீயைத் தேநீரால் அவித்துவிட்டு, மாலை நான்கு மணிக்கு மலைபோல் சோறு உண்பவருக்கு எந்த நூலும் உதவாது.

அடுத்தது அரிசி. நமது மாவட்டத்து ஆரணி பட்டு நெசவுக்கும் அரிசி ஆலைகளுக்கும் ஒருங்கே பெயர்பெற்றது. அரிசி எவ்வளவு வெண்மையோ அவ்வளவு உயர்வு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் நடத்திய ஆய்வுகள், ஆலையில் தீட்டி, பலமுறை கழுவி, கஞ்சி வடித்த அரிசியில் சத்து எவ்வாறு இழக்கப்படுகிறது என்பதை 1920களிலேயே காட்டின. தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடலோர ஜில்லாக்களில் பெரிபெரி நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிதாக இருந்தது. நெல்லை வேகவைத்துக் காயவைக்கும்போது உமியடுத்த சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுவது அதற்குக் காரணம். புழுங்கலை ஏழையின் அரிசி என்று இகழ்ந்து விருந்துக்குப் பச்சரிசி தேடுவோர் இதனைக் கருதுவாராக. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கு மேல் என்று மதிப்பிட்டது. நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்து தொழில் செய்வோர்க்கு வெள்ளைச் சோற்றின் அளவு ஒரு பொருட்டேயாகும்.

பழைய சோற்றைப் பற்றி அங்கத்தினர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. முதல்நாள் சமைத்த கறியை, அது அமுதமேயாயினும், மறுநாள் உண்ணலாகாது என்பது தேரையர் பெயரால் வழங்கும் பாடலின் கருத்து. அப்படியாயின் உழவர் காலையில் உண்ணும் நீராகாரம் குற்றமோ? அன்று என்றே நாம் கருதுகிறோம். தேரையர் விலக்கியது கறியை. நீரூற்றி வைத்த சோறு கெடுவதில்லை. இரவில் புளித்து வேறொரு பண்டமாகிறது. அதில் பெருகும் நுண்ணுயிர்கள் தயிரில் உள்ளவற்றின் இனத்தவை. நல்ல நீரும் மூடிய பானையும் வேண்டும். வெயில் காலத்தில் நண்பகலைத் தாண்டி வைத்தல் கூடாது. நாட்டு வைத்தியப் பாடல் சொல்லும் காய்ச்சிய நீர், பெருக்கிய மோர், உருக்கிய நெய் ஆகிய மூன்றில், முதல் இரண்டுக்குச் செலவு ஏதுமில்லை. (பௌர்ணமி கிரிவலத்தன்று வழிநெடுகப் பந்தல்தோறும் வாங்கி உண்போர்க்கு இம்மோரையே பரிந்துரைக்கிறோம், அன்னதானத்தை நாம் குறைகூறவில்லை.)

சவ்வாது மலையில் சாமை விளைகிறது. 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் அதற்கு மதிப்பு ஏறிற்று. மலையடிவாரத்து நெசவாளர் வீட்டு அடுப்பில் அது ஏறவில்லை. மலையில் விளைவிப்பவரும் சமவெளியில் நெய்பவரும் கூட்டுறவு அங்கத்தினர்களாயிருந்தும் இடையில் வியாபாரி நிற்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை. வாங்கும்போது சாமையையும் அரிசிபோல் வெளுக்கத் தீட்டாமல் கேட்டு வாங்கவேண்டும். தவிடு போனபின் அதுவும் வெள்ளைச் சோறே. வாரத்திற்கு இருவேளையில் தொடங்கி, வயிறு பழகியபின் கூட்டிக்கொள்ளலாம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மலம் கருத்தல், காரணமின்றி மெலிதல், விழுங்குவதில் தடை ஆகியவை தோன்றினால் இஞ்சிச்சாற்றையும் சீரகத் தண்ணீரையும் நம்பிக் காலம் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குச் செல்க.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இரண்டு தீர்மானங்களைக் கொண்டுவரலாம். புடவை எடுப்பதும் பாவு, ஊடை தருவதும் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்குள் முடியவேண்டும். அதற்குள் முடியாதவர்க்கு மறுநாள் முதல் வரிசை. மற்றொன்று, மலைச் சங்கத்திடமிருந்து சாமையும், மிகையாகத் தீட்டாத புழுங்கலரிசியும் நேரே தருவித்து அங்கத்தினர்க்கு அடக்க விலையில் வழங்குதல். இதற்குத் துணைவிதியில் இடமுண்டா என்று ஐயுறும் நிர்வாகிகள் வேங்கிக்காலுக்கு வந்தால், உடனிருந்து படித்துப் பார்க்க நாம் தயாராயிருக்கிறோம்.