வெள்ளறைக் கிணறும் பெசன்ட் நகர் மணலும்

திருச்சியிலிருந்து துறையூர் போகிற பஸ்ஸில் ஏறி மண்ணச்சநல்லூரைத் தாண்டினால் திருவெள்ளறை. இருபது கிலோமீட்டர் சொச்சம். வருகிறவர்களில் பலர் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்து, உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் கதையைக் கேட்டு, முடிக்காமல் விட்ட கோபுரத்தின் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். கோயிலுக்கு வெளியே இருக்கிற கிணற்றைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர்கள் தயவுசெய்து இன்னொரு தடவை போய் வரவும்.

அது சாதாரணக் கிணறு இல்லை. தந்திவர்ம பல்லவன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, ஆலம்பாக்கத்தைச் சேர்ந்த கம்பன் அரையன் வெட்டுவித்தது. அரசனின் நாலாம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. கல்வெட்டில் அதன் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. ஊர் வாயில் நாலுமூலைக் கேணி. மேலே நின்று பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். நாலு பக்கமும் படிக்கட்டு. ஒவ்வொரு வழியும் நேராகப் போய் ஒரு திருப்பம் திரும்பித் தண்ணீருக்கு இறங்குகிறது. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் குளிப்பவரின் கண்ணில் பட மாட்டார். அதனால்தான் 'மாமியார் மருமகள் கிணறு' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பேரும் குளிக்கலாம், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் முழிக்க வேண்டியதில்லை!

சிரிப்புக்குச் சொன்ன பெயர்தான். ஆனால் அதற்குள் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. தண்ணீர் ஒன்று. வழி நாலு. ஒருத்தர் இறங்க வேண்டும் என்பதற்காக இன்னொருத்தர் கரையேற வேண்டியதில்லை. (அந்தக் காலத்தில் எல்லாச் சாதியும் கைகோத்துக்கொண்டு இறங்கியது என்றெல்லாம் யாரும் கதைவிட வேண்டாம். இங்கே பேச்சு கிணற்றின் வடிவத்தைப் பற்றி, பல்லவர் காலத்துச் சமத்துவத்தைப் பற்றி அல்ல.)

இந்த வடிவம் தெரிந்த தமிழ்நாட்டில்தான், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சென்னையின் வசதியான கடற்கரையில், பொது இடம் என்றால் என்ன என்பதையே தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

பெசன்ட் நகர். வெளியூர்க்காரர்களுக்கு எலியட்ஸ் பீச், காலேஜ் பசங்களுக்குச் செல்லமாக 'பெஸ்ஸி'. வெளியூரிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா வேன் பிடிக்கிறவர்கள் அஷ்டலட்சுமி கோயிலையும் வேளாங்கண்ணி மாதா கோயிலையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, கடலில் கால் நனைத்து, வறுத்த மீனோ மிளகாய் பஜ்ஜியோ வாங்கித் தின்றுவிட்டுப் போகிற இடம். கொஞ்சம் தெற்கே போனால் 1936-ல் ருக்மிணி தேவி தொடங்கி, 1962-ல் திருவான்மியூருக்கு வந்த கலாக்ஷேத்ரா. வடக்கே அடையாறு முகத்துவாரம், அதையொட்டி 1882-லிருந்து இங்கே இருக்கிற பிரம்மஞான சபை, அதன் ஆலமரம். மணலில் ஷ்மிட் நினைவு மண்டபம். 1930-ல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டேனிஷ்காரர் அவர். ஆற்றின் மேல் உடைந்து நிற்கும் பாலம்: 1967-ல் கட்டியது, 1977-ல் வெள்ளம் கொண்டுபோனது, அப்புறம் சினிமாக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டது.

எலியட், ஷ்மிட், பெசன்ட், ஆல்காட்... ஏரியா முழுக்க இங்கிலீஷ் பெயர்கள், ஒரே ஒரு டேனிஷ். நடுவில் ஒரு தமிழ்ப் பெயர் உட்கார்ந்திருக்கிறது: ஊரூர். ஊருக்கே ஊர் என்று பெயர் வைக்க வேண்டுமானால் அங்கே வேறு ஊரே இல்லாத காலத்தில் வைத்திருக்க வேண்டும்! ஊரூர் குப்பம், அதையொட்டி ஆல்காட் குப்பம். வீட்டு வசதி வாரியம் 1970-களில் மனை பிரித்து, அவென்யூ என்று நம்பர் போட்டு, பெசன்ட் நகரை உருவாக்குவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே வலை காய்ந்துகொண்டிருந்தது.

ஆனால் இன்றைக்கு இந்தக் கடற்கரையைப் பற்றி யார் எழுதினாலும் குப்பம் ஒரு 'பிரச்சினை' என்ற வரிசையில்தான் வருகிறது. காபி ஷாப் பார்க்க வேண்டிய இடம், கோயில் பார்க்க வேண்டிய இடம், குப்பம் மட்டும் அப்புறப்படுத்த வேண்டிய இடம்.

இந்த மனோபாவம் புதிதல்ல. 1985-ல் எம்.ஜி.ஆர். அரசு மெரினாவை அழகுபடுத்தப் புறப்பட்டபோது முதலில் கண்ணை உறுத்தியது கட்டுமரங்களும் வலைகளும்தான். நவம்பரில் அள்ளிக்கொண்டு போனார்கள். டிசம்பரில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது, மீனவர்கள் செத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. கட்டுமரம் இல்லாத மெரினாதான் அழகு என்று முடிவு செய்தவர் எந்தக் கண்ணால் பார்த்தார்? மாலையில் வந்து ஒரு மணி நேரம் காற்று வாங்கிவிட்டுப் போகிறவரின் கண்ணால். அதே வருடம்தான் பிரான்ஸில் சுத்தமான கடற்கரைகளுக்கு நீலக்கொடி கொடுக்கிற திட்டம் ஆரம்பமானது என்பது ஒரு தற்செயல். அந்தக் கொடி 2021-ல் கோவளத்துக்கு வந்துவிட்டது. சுத்தம் நல்லதுதான், யாரும் அழுக்குக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அழுக்குப் பட்டியலில் படகையும் வலையையும் சேர்க்கிற பழக்கம் போகாதவரை, எந்தக் கொடி ஏறினாலும் குப்பத்துக்காரருக்கு அடிவயிறு கலங்கத்தான் செய்யும்.

அப்புறம் 2004 டிசம்பர் 26. சுனாமி. கடலோரத்திலேயே இருந்தவர்கள்தான் அதிகம் செத்தார்கள், அதனால் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சென்னையின் பல குப்பங்களிலிருந்து குடும்பங்களைச் செம்மஞ்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடல் தெரியாத இடத்தில் மீனவன் என்ன செய்வான்? விடியற்காலை மூன்று மணிக்கு எந்த பஸ் பிடித்துக் கடலுக்கு வருவான்? வாடையா கொண்டலா கச்சானா என்று வாசலில் நின்று முகத்தில் காற்று வாங்கித்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற தொழில் அது. அதே சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த பங்களாக்களை யாராவது பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினார்களா? அலைக்கு அந்த பங்களாவின் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனைக் கண்டால் பயம் போலிருக்கிறது.

அடுத்து ரோடு. கலங்கரை விளக்கத்திலிருந்து முகத்துவாரத்தைத் தாண்டி, பெசன்ட் நகர் மணல் வழியாக, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்கிற உயர்மட்டச் சாலை என்று ஒரு யோசனை. குப்பங்கள் கொதித்தெழுந்ததும் கிடப்பில் போனது. பிறகு வேறு வேறு வடிவத்தில் எழுந்து வந்தது. கடைசியாகக் கடலுக்கு மேலேயே பாலம் கட்டி நீலாங்கரை போய்ச் சேருவது பற்றிப் பேச்சு. ரோடு போட்டால் என்ன குறைந்துவிடும், பத்து நிமிடம் மிச்சம்தானே என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பிலிருந்தே, நகரப் பகுதிக் கடற்கரையில் கட்டிடம் கட்டலாமா கூடாதா என்பதை ஏற்கெனவே இருக்கிற சாலையையும் கட்டிடத்தையும் கோடாக வைத்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு நிலப்பக்கம் கட்டலாம், கடல்பக்கம் கூடாது. ரோடு என்பது தார் மட்டுமில்லை, அது ஒரு எல்லைக்கோடு. இன்றைக்கு மணலில் ஒரு புது ரோடு வந்தால், அந்தக் கோட்டையும் அங்கே நகர்த்து என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். கேட்கிறவர் மீன் விற்கிறவராக இருக்க மாட்டார். போதாக்குறைக்கு 2019-ல் வந்த புதிய அறிவிப்பு, மக்கள் நெருக்கமுள்ள கிராமப்புறக் கடற்கரையில் 200 மீட்டர் என்றிருந்த தடைப் பகுதியை 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிற காலத்தில் கட்டிடத்தை அதற்கு எதிரே அனுப்புவது என்ன புத்திசாலித்தனமோ!

ரோடு வந்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நொச்சிக்குப்பத்தில் நடந்ததே போதும். மெரினா லூப் ரோடு குப்பத்தின் வாசலையும் மணலையும் பிரித்துக்கொண்டு போகிறது. 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கைத் தொடர்ந்து, ரோட்டோர மீன் கடைகளை மாநகராட்சி அகற்றியது. காரணம், போக்குவரத்துக்கு இடைஞ்சல், ஆக்கிரமிப்பு. மீனவர்கள் படகை நடுரோட்டில் நிறுத்திப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு நவீன மீன் அங்காடி திறந்தார்கள். கூரை வந்தது, மேடை வந்தது, நல்லது. ஆனால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லை மறக்க முடியுமா? வீட்டு வாசலில் மீன் விற்றவர் ரோட்டை ஆக்கிரமித்தாரா, ரோடு வந்து வாசலை ஆக்கிரமித்ததா? இந்தச் சின்னக் கணக்கு பள்ளிக்கூடப் பிள்ளைக்கே புரியும்.

மறுபக்க வாதத்தையும் கேட்க வேண்டும். நாற்றம் என்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அதே ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'ஃப்ரெஷ்ஷா வஞ்சிரம் இருக்காம்மா?' என்று அதே மணலுக்குத்தான் வருகிறார்கள், பேரம் வேறு. குப்பை என்கிறார்கள். அதுவும் உண்மை. ஆனால் மணலில் கிடக்கிற பிளாஸ்டிக் கப்பும் ஐஸ்கிரீம் குச்சியும் குப்பத்து வீட்டிலிருந்து வந்தவையா? அடையாற்றில் வந்து சேர்கிற சாக்கடை எந்த மீனவன் வீட்டுச் சாக்கடை? ஆற்றில் மீன் குறைந்தால் பட்டினி கிடப்பது குப்பம், ஆற்றைக் கெடுப்பது மொத்த நகரம். குப்பத்துக்குள் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. பஞ்சாயத்தில் பெண்கள் குரல் கேட்பதில்லை, குடிப் பிரச்சினை இருக்கிறது. அதற்கெல்லாம் வைத்தியம் குப்பத்தைக் காலி செய்வது என்றால், அதே கணக்கில் அவென்யூக்களில் எத்தனை வீடு மிஞ்சும்?

சேர்ந்து இருக்க முடியாது என்பதும் பொய். அதே பெசன்ட் நகரில் முடிந்திருக்கிறது. 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா நடந்தது. டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டவர்கள் முன்னால் நின்றார்கள். சபாக்களில் ஏ.சி. போட்டுக் கேட்கிற கச்சேரி குப்பத்து மேடையில் நடந்தது, பறையும் கூத்தும் கூடவே. பட்டுப் புடவைக்காரர்கள் பலர் முதல் தடவையாக அந்தத் தெருவுக்குள் நடந்தார்கள். பக்கத்து அவென்யூவில் இருபது வருடம் குடியிருந்துவிட்டு முதல் தடவை! ஒரு விழாவால் சாதி போய்விடாது என்று அப்போதே கிண்டல் செய்தவர்கள் உண்டு, கிண்டலில் நியாயமும் உண்டு. ஆனாலும் அது ஒரு புதுப் படிக்கட்டு. பின்னால் அது 'சென்னைக் கலைத் தெரு விழா' ஆகி வேறு இடங்களுக்கும் போனது. 2014-ல் அந்தக் கடற்கரைச் சாலையிலேயே ஞாயிறு காலைகளில் காரை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை விளையாட விட்டதும் அப்படித்தான். 2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலிக்காரர்கள் கடல் வரை போக மரப்பாதை போட்டதும் அப்படித்தான். அடுத்த மாதமே புயல் அதைக் கடித்துக் குதறியது, சரி செய்து மறுபடி போட்டார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ராத்திரி முழுக்க நடந்து பங்குனி ஆமை முட்டைகளைப் பொறுக்கிப் பத்திரப்படுத்துகிற மாணவர்கள் 1988-லிருந்து அந்த மணலில் நடக்கிறார்கள். இவர்களில் யாரும் மற்றவரை எழுந்து போகச் சொல்லவில்லை.

எழுந்து போகச் சொல்வது ஒரே ஒரு தரப்புதான்: கடற்கரையைக் 'காலி இடம்' என்று பார்க்கிற தரப்பு. படகு ஏற்றுகிற இடம், வலை காயப்போடுகிற இடம், கரைவலை இழுக்க ஆட்கள் இரண்டு வரிசையாகப் பின்னால் நடந்து போகிற இடம், கருவாடு போடுகிற இடம் எல்லாவற்றுக்கும் குப்பத்தில் எல்லை உண்டு, முறை உண்டு, அதை மீறினால் பஞ்சாயத்தும் உண்டு. வேலி மட்டும் கிடையாது. வேலி இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று வெள்ளைச் சட்டைக்குத் தோன்றுகிறது. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் தங்கள் பொது இடங்களைக் குறிக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்று கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் எழுந்து நின்று சொல்கிற புகார் இதுதான்.

வெள்ளறையில் கம்பன் அரையன் ஒரே ஒரு படிக்கட்டோடு நிறுத்தியிருக்கலாம். செலவு மிச்சம், வேலையும் சீக்கிரம் முடிந்திருக்கும். பெரிய மனிதர்கள் இறங்கும்போது மற்றவர்கள் கரையில் நிற்கட்டும் என்று விட்டிருக்கலாம். நாலாக வெட்டினார்.

பெசன்ட் நகரில் புதிதாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் நின்று பார்த்தால் போதும். படகு கரையேறுகிறது, பெண்கள் கூடையோடு ஏலத்துக்குக் காத்திருக்கிறார்கள், பக்கத்தில் சிரிப்பு மன்றத்துக் கிழவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள், யாரோ ஒரு பெண் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுகிறாள், மாதா கோயில் மணி அடிக்கிறது, வலையிலிருந்து விழுந்த நெத்திலிக்குக் காக்காயும் நாயும் சண்டை போடுகின்றன. ஏழு மணிக்கு வெயில் ஏறியதும் ஒரு கூட்டம் ஃபில்டர் காபிக்குப் போகிறது. இன்னொரு கூட்டம் மணலில் உட்கார்ந்து வலையில் கிழிந்த கண்ணியைத் தைக்க ஆரம்பிக்கிறது.