பம்பருக்கு முன்னாடி ஒரு இரும்பு வேலி

எங்க மச்சான் புது வண்டி எடுத்த கையோட செஞ்ச முதல் காரியம், முன்னாடி பளபளன்னு ஒரு புல் பார் மாட்டினதுதான். "மாடு கீடு குறுக்க வந்தா வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாப்ளே" என்றார். வண்டிக்கு ஆகாது, சரி. குறுக்க வர்றது மனுஷனா இருந்தா?

கார் மோதினால் ஆள் பெரும்பாலும் சக்கரத்துக்கு அடியில் போறதில்லை. பம்பர் காலை அடிக்கும், உடம்பு மடங்கி மேலே வரும், தலை பானட்டிலோ கண்ணாடியிலோ மோதும். எல்லாம் கண் இமைக்கிற நேரம். பானட் தகடு மெல்லிசு, அமுங்கிக் கொடுக்கும். ஆனா அதை ஒட்டியே எஞ்சின் இருந்தா? கருங்கல்லில் மோதின மாதிரிதான். அதனாலதான் நடுவே கொஞ்சம் இடம் காலியா விடறாங்க. இடம் விட முடியாத சில வண்டிகள்ல, மோதின உடனே பானட்டோட பின்பக்கம் தானா எழும்பும். 2012-ல் வந்த வோல்வோ வி40-ல கண்ணாடிக்கு வெளியே விரியற ஏர்பேக்கே இருந்தது! பம்பருக்குள்ள நுரை, கீழே ஒரு தாங்கல். முழங்கால் ஒரு பக்கமா ஒடியாம காலை மொத்தமாத் தள்ளிவிடறதுக்கு.

நம்ம நாட்டிலும் ஏ.ஐ.எஸ். 100-ன்னு விதி இருக்கு. 2018 அக்டோபரில் புது மாடல்களுக்கு அமலுக்கு வந்தது. பொம்மைத் தலையை மணிக்கு 35 கி.மீ. வேகத்துல பானட் மேல ஏவி சோதிக்கிறாங்க.

இத்தனை மெனக்கெட்டதை ஆக்சஸரீஸ் கடைக்காரர் நாலு போல்ட்டில் காலி பண்ணிடறார். இரும்புக் குழாய் அமுங்காது. சின்னப் பிள்ளைக்கு அது சரியா நெஞ்சு, தலை உயரத்துல நிக்கும். இது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை மீறுதுன்னு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியாச்சு.

"முதல்ல பிளாட்பாரம் ஒழுங்கா போடச் சொல்லு" என்பார்கள். போடட்டும், நானும் கூடச் சேர்ந்து கத்துறேன். 2022-ல் மட்டும் இந்தியாவில் நடந்து போனவர்கள் 32,825 பேர் விபத்தில் செத்திருக்காங்க. பிளாட்பாரம் வர்ற வரைக்கும் இரும்பை மாட்டிக்கிட்டுத் திரியணுமா என்ன?

இதெல்லாம் சொன்னப்ப மச்சான் அசையவே இல்லை. "குழாய் இருந்தா சென்சார் குழம்பி உங்க ஏர்பேக் நேரத்துக்கு விரியாமப் போகலாம்"னு சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழட்டிட்டார் :-)