மல்லிக்கட்டும் மாத்திரையும்

ஆண்டுக்கு இருமுறை உங்கள் பள்ளியில் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள் அல்லவா? 2015ஆம் ஆண்டு தொடங்கி, இப்போது இந்தியா முழுவதும் நடக்கும் திட்டம் அது. அல்பெண்டசோல் என்னும் அம்மாத்திரையை மென்று விழுங்கினால் குடலிலுள்ள உருண்டைப் புழுக்கள் ஒழியும். நல்ல திட்டந்தான். ஆனால் அடுத்த வாரமே புதிய முட்டைகள் வயிற்றுக்குள் போனால் அம்மாத்திரை என்ன செய்யும்? அவை வரும் வழிகளுள் ஒன்று, மயிலாப்பூர் மாட வீதியிலோ தி. நகர், அடையாறு கடைகளிலோ நாம் வாங்கும் பச்சைக் காய்கறி.

பெண் உருண்டைப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டைகள் இடும். அவை மலத்தோடு வெளியேறுகின்றன. கழிவுநீர் கலந்த வாய்க்கால் நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சினால் மண்ணிலும் இலையிலும் ஒட்டிக்கொள்கின்றன. முட்டையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. அதன் ஓடோ வெகு உறுதியானது. நீர்த்த ஃபார்மலினில் போட்டு வைத்தாலும் உள்ளே கரு வளர்கிறதென்றால் பாருங்களேன்! அப்படியிருக்க, உப்பும் மஞ்சளும் கரைத்த நீரில் சற்று நேரம் ஊறவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம் வீடுகளில் நம்புவது வீண். காலிஃபிளவரில் ஒளிந்திருக்கும் பச்சைப் புழுவை வெளியேற்ற அது உதவும், அவ்வளவே.

கொதிநீர் இம்முட்டைகளைக் கொல்லும். ஆகவே நன்கு வெந்த கீரைக் கூட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். ரசத்தை இறக்கியபின் தூவும் கொத்தமல்லி, கோசுமல்லியில் சேரும் காரட் துருவல், பங்குனித் திருவிழாப் பந்தலில் நீர்மோரில் மிதக்கும் தழை, இவற்றில்தான் கவனம் வேண்டும். கட்டைப் பிரித்து, வேரை நறுக்கி எறிந்துவிட்டு, ஓடும் நீரில் தழையை விரலால் தேய்த்து இரண்டு மூன்று முறை அலசுங்கள். முட்டைகள் வெகுவாகக் குறையும்.

“நாங்கள் சைவம், பன்றி நாடாப்புழு எங்களுக்கு ஏது?” என்பார் சிலர். புழு வராது, முட்டை வரும்! நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து அது நீருக்கும் கைக்கும் காய்கறிக்கும் பரவுகிறது. விழுங்கிய முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி இரத்தத்தோடு மூளைக்குச் சென்று சிறு கட்டியாகத் தங்கிவிடலாம், வலிப்பு வரலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம்.

இதற்கெல்லாம் கீரைக்கார அம்மாவைக் குறை கூறுவது எனக்கு உடன்பாடில்லை. கழிவுநீரை வாய்க்காலில் விட்டது அவரா? கீரை வாடாதிருக்கத் தெளிக்க, நடைபாதையில் கடை போடுபவருக்கு நல்ல தண்ணீர் கொடுத்தது யார்? மாத்திரைக்குச் செலவிடும் அரசு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது. காய்கறி விற்கும் ஒவ்வொரு தெருவிலும் மாநகராட்சி ஒரு குழாயாவது போட்டுத் தரவேண்டும். அதில் தினமும் தண்ணீர் வரவும் வேண்டும்.