மெருகும் மெழுகும்

சலுகை விலையில் கிடைத்தனவென்று கார் பாலிஷ் புட்டிகளையும் மெழுகு டப்பாக்களையும் அலமாரி நிறைய வாங்கி அடுக்குவோர், அவ்விரண்டும் வெவ்வேறு காரியங்களுக்கானவை என்பதை முதலில் உணர்தல் அவசியம். பாலிஷ், நுண்ணிய துகள்களால் வர்ணத்தின் மேலுள்ள தெளிபூச்சைச் சிறிது தேய்த்தே கீறல்களைப் போக்குவது. அப்பூச்சோ ஏறத்தாழ 50 மைக்ரான் கனமே உள்ளதாதலால், அடிக்கடி தேய்ப்பது பராமரிப்பாகாது, சேதமேயாகும்.

மெழுகோ, பிரேசில் நாட்டுக் கார்னோபா பனையின் இலைகளினின்று எடுக்கப்பட்டதாயினும் செயற்கையானதாயினும், வெயிலுக்கும் பறவை எச்சத்துக்கும் கவசமாக நின்று, நாளடைவில் கரைந்து போவதால், மீண்டும் மீண்டும் பூசத்தக்கது. திறந்த டப்பா உலர்ந்து இறுகும், புட்டியில் உள்ளது பிரிந்து கெடும் ஆகையால், மென்மையான பாலிஷ் ஒன்றும் நல்ல மெழுகு ஒன்றும் மட்டும் வாங்கி நிழலில் வைத்து, தீர்ந்தபின் புதிது வாங்குவதே விவேகம்.